நாடகம், பவாடா, கணக்கு: ஜோதிராவ் புலேயின் பலவகை நூல்கள்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு ஒரு நூலை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். நான் ஓர் ஆசிரியரின் நூல் வரிசை முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மகாத்மா ஜோதிராவ் புலே 1855 முதல் 1890 வரை எழுதியவற்றை வகைபிரித்து அடுக்கினால் நூலகருக்குத் தலைவலி வரும். ஒரு நாடகம். தெருவில் நின்று பாடக்கூடிய கதைப்பாடல்கள். கேள்வி பதிலாக எழுதிய ஒரு வரலாறு. அரசாங்கக் குழுவுக்குக் கொடுத்த மனு. உழவுத்தொழில், நீர்ப்பாசனம், கச்சேரி நிர்வாகம் பற்றிய ஓர் அறிக்கை. கடைசியாக ஓர் அறநூல். புனைவு, உள்ளூர் வரலாறு, மேலாண்மை என்று இன்று நாம் மூன்று அலமாரிகளில் வைக்கும் எல்லாவற்றையும் ஒரே கை எழுதியிருக்கிறது.

நம் இயக்கங்கள் இந்த வரிசையைப் பங்கு போட்டுக்கொண்டன. பள்ளி ஆசிரியர்கள் 1848ஐ எடுத்துக்கொண்டார்கள்: புனேயில் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி, சாவித்திரிபாய். சாதி ஒழிப்புப் பேசுகிறவர்கள் 'குலாம்கிரி'யை எடுத்துக்கொண்டார்கள். உழவர் சங்கங்கள் 'ஷேத்கார்யாச்சா ஆசூட்' என்ற நூலை, அதாவது 'உழவரின் சாட்டை'யை, எடுத்துக்கொண்டன. பங்கு பிரித்ததில் ஒன்று மட்டும் யார் கையிலும் விழாமல் போய்விட்டது. அது புலேயின் கணக்கு. அவர் வணிகர், ஒப்பந்தக்காரர். கூலி, சுண்ணாம்பு, கல், வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் தம் கையால் கணக்கெழுதியவர். அந்தக் கணக்கறிவுதான் அவருடைய நூல்கள் அனைத்தையும் ஒன்றாகக் கட்டியிருக்கும் கயிறு என்பது என் எண்ணம்.

1827 ஏப்ரல் 11இல் பிறந்தவர் ஜோதிராவ். மாலி என்னும் தோட்டக்காரச் சாதி. தந்தை கோவிந்தராவ் பூவும் காய்கறியும் விற்றவர். ஜோதிராவ் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தார். பின்னாளில் அவருடைய பெயர் 'புனே வணிக, ஒப்பந்த நிறுவனம்' என்னும் கூட்டுத் தொழிலோடு சேர்ந்து வருகிறது. புனேயைச் சுற்றி அந்த ஆண்டுகளில் பெரும் மராமத்து வேலைகள் நடந்தன. கடக்வாஸ்லாவில் முட்டா ஆற்றின் குறுக்கே அணை எழுந்தது, கால்வாய் வெட்டப்பட்டது, பாலங்களும் மலைப்பாதைகளும் போடப்பட்டன. இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பொருளும் ஆளும் கொடுத்த ஒப்பந்தக்காரர்களில் அவரும் ஒருவர். நகை செய்யும் பொற்கொல்லருக்கு வேண்டிய அச்சு வார்ப்புகளையும் விற்றிருக்கிறார்.

வாழ்க்கை வரலாறுகளில் இது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். 'சமூகப் பணிக்கான பணத்தை அவர் தம் தொழிலிலிருந்து ஈட்டினார்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். தொழில் அவருக்குப் பணம் கொடுத்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்றையும் கொடுத்தது: கூலிக்காரன் கல் சுமப்பதும், வருகைப் பட்டியலில் பெயர் ஏறுவதும், சனிக்கிழமை காசு கைக்கு வருவதும் மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகள் என்ற அறிவு. நடுவில் எழுதத் தெரிந்த ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் எழுதினால்தான் முதல் நிகழ்ச்சி மூன்றாவதாக மாறும்.

இனி நூல்களுக்கு வருவோம்.

முதலாவது 'திருதீய ரத்னா', மூன்றாவது ரத்தினம். 1855இல் எழுதிய நாடகம். கதை மிகச் சிறியது. ஓர் உழவனின் மனைவி கருவுற்றிருக்கிறாள். ஜோசியம் சொல்லும் பார்ப்பனர் வாசலுக்கு வருகிறார். கிரகம் சரியில்லை, பிள்ளைக்கு ஆபத்து என்று பயமுறுத்துகிறார். பரிகாரம், பூசை, பார்ப்பனருக்குச் சாப்பாடு என்று பட்டியல் நீளுகிறது. உழவன் கடன் வாங்குகிறான். இடையில் ஒரு பாதிரியார் வந்து வாதம் செய்கிறார். விதூஷகன் ஒருவன் ஓரமாக நின்று நடப்பதையெல்லாம் கிண்டலடித்துக்கொண்டே இருக்கிறான். முடிவில் கணவனும் மனைவியும் இரவுப் பள்ளிக்குப் போய்ப் படிப்பதென்று தீர்மானிக்கிறார்கள். புலேயும் சாவித்திரிபாயும் உழைக்கும் மக்களுக்காக இரவுப் பள்ளி தொடங்கியதும் அதே 1855தான்.

இந்த நாடகத்தை 'கல்வியின் அருமையைச் சொல்லும் நாடகம்' என்று சுருக்கிவிடுகிறார்கள். படித்துப் பார்த்தால் அதில் ஓடிக்கொண்டே இருப்பது செலவுப் பட்டியல்தான். சடங்குக்கு என்னென்ன பொருள், எவ்வளவு, யாரிடம் வாங்குவது, அந்தப் பணம் யார் வீட்டுக்குப் போகிறது என்று புனைவுக்குள்ளேயே ஒரு பற்றுச்சீட்டு இருக்கிறது. பிற்காலத்தில் 'உழவரின் சாட்டை'யின் முதல் அத்தியாயத்தில், ஒரு சூத்திரக் குடும்பத்திடமிருந்து பிறப்பு முதல் இறப்பு வரை, இறந்த பிறகும்கூட, சடங்கின் பெயரால் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று வரிசையாகக் கணக்குக் காட்டுவார். அந்த அத்தியாயத்தின் வித்து இருபத்தெட்டு வயதில் எழுதிய இந்த நாடகத்தில் இருக்கிறது.

நாடகத்தைத் தட்சிணைப் பரிசுக் குழுவிடம் கொடுத்தார். குழு ஏற்கவில்லை. தட்சிணை என்ற சொல்லைக் கவனியுங்கள். பேஷ்வாக்கள் காலத்தில் பார்ப்பன அறிஞர்களுக்கு வாரி வழங்கிய தொகைதான், ஆங்கிலேயர் ஆட்சியில் மராத்தி நூல்களுக்குப் பரிசு கொடுக்கும் நிதியாக உருமாறியது. தட்சிணை கேட்பவரைப் பற்றிய நாடகத்தைத் தட்சிணை நிதியின் குழுவிடமே கொண்டுபோய்க் கொடுத்தார் புலே! வெகுளித்தனமா, குறும்பா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. குழுவில் பார்ப்பன உறுப்பினர்களின் கை ஓங்கியிருந்ததைப் பின்னர் 'குலாம்கிரி'யில் அவரே சொல்லியிருக்கிறார். நாடகம் அச்சேறியது 1979இல், ஓர் இதழில். நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள் அது காகிதக் கட்டாகவே கிடந்தது. நவீன மராத்தி நாடகத்தின் தொடக்கத்தைப் பற்றிய வரலாறுகள் அந்த இடைக்காலத்தில்தான் எழுதப்பட்டன. அவற்றில் இந்த நாடகத்துக்கு இடமில்லாமல் போனதில் வியப்பில்லை.

நாடகம் மறுக்கப்பட்ட பிறகு அவர் வேறு வழி தேடினார். 1869இல் மூன்று பாடல் நூல்கள் வந்தன. சத்ரபதி சிவாஜி பற்றிய பவாடா ஒன்று. கல்வித் துறையில் இருந்த பார்ப்பன வாத்தியார்களைப் பற்றிய பவாடா ஒன்று. 'பிராமணாஞ்சே கசப்', அதாவது பார்ப்பனரின் சூழ்ச்சித்திறன், என்று ஒன்று. பவாடா என்பது மராத்தி நாட்டில் டஃப் அடித்துக்கொண்டு பாடும் வீரக்கதைப் பாட்டு. எழுத்தறியாதவர் காதுக்கும் போகும். பரிசுக் குழுவின் அனுமதி அதற்குத் தேவையில்லை.

சிவாஜியைப் பசுவையும் பார்ப்பனரையும் காத்த அரசராகச் சொல்லும் மரபு அப்போதே வலுத்துவந்தது. புலே அவரைக் குடியானவர்களின் அணிகலனாகச் சொன்னார். உள்ளூர் வரலாற்றைக் கையிலெடுக்கும்போது முதலில் செய்யவேண்டியது இதுதான்: நாயகன் யாருடைய ஆள் என்ற கேள்வியை மாற்றுவது. மற்ற இரண்டு நூல்களிலும் வரலாற்றுக் காலம் போய் நிகழ்காலம் வந்துவிடுகிறது. 'கசப்' நூலில் ஊர்க் கணக்கரான குல்கர்ணி வருகிறார். மராமத்துத் துறையின் எழுத்தர்களும் வருகிறார்கள். கூலியாட்களின் உழைப்பைத் தாளில் எப்படித் திருடுவது என்பது பாட்டாகிறது. ஒப்பந்தக்காரர் ஒருவர்தான் இப்படி ஒரு பாட்டை எழுதியிருக்க முடியும். குல்கர்ணி யார் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவி ஒழிக்கப்படும்வரை நம் ஊர்களில் கர்ணம் என்ற பெயரில் உட்கார்ந்திருந்தவரின் மராத்தி உறவினர்தான்.

'குலாம்கிரி' 1873இல் வந்தது. அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 24இல் சத்தியசோதக் சமாஜம் பிறந்தது. ஜோதிராவும் தோண்டிபாவும் உரையாடுவதாக அமைந்த நூல் இது. விஷ்ணுவின் அவதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை ஆரியப் படையெடுப்பின் கட்டங்கள் என்று வாசிக்கிறார். மீனும் ஆமையும் பன்றியும் வந்தேறிகளின் தலைவர்களாகின்றன. வாமனன் நிலத்தைக் கவர்ந்தவன். பலிராஜாவோ உழவர்களின் நல்லரசன். மகர் என்ற பெயரை 'மகா அரி', பெரும் பகைவர், என்று பிரித்து, பரசுராமனை எதிர்த்துக் கடைசிவரை போராடியவர்களே தண்டனையாகத் தீண்டாதாராக்கப்பட்டார்கள் என்கிறார்.

இந்த வேர்ச்சொல் ஆராய்ச்சியெல்லாம் மொழியியலுக்கு முன் நிற்காது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. இந்திரர் தேச சரித்திரம் எழுதிய அயோத்திதாசப் பண்டிதரைப் படித்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது. ஊரில் வழங்கும் பெயரை, திருவிழாவை, சிறுதெய்வத்தைச் சான்றாக எடுத்து, தோற்றவர்களின் வரலாற்றை மீட்பது. இருவரும் ஒருவரையொருவர் படித்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆவணக் காப்பகம் வெற்றி பெற்றவன் வீட்டில் இருக்கும்போது, தோற்றவனுக்கு மிஞ்சுகிற சான்று பெயர்களும் பண்டிகைகளும்தான் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

நான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க விரும்பும் இடம் வேறு. பலிராஜாவின் நாட்டை புலே எப்படி வருணிக்கிறார்? மாட மாளிகை, கூட கோபுரம் என்று வருணிக்கவில்லை. நாடு எத்தனை கண்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது, ஒவ்வொன்றுக்கும் அதிகாரி யார், வரி வசூலும் நீதியும் யார் பொறுப்பில் இருந்தன என்று சொல்கிறார். ஜெஜூரியில் மஞ்சள்பொடி தூவி வணங்கப்படும் கண்டோபா, ஒரு கண்டத்தின் பொறுப்பாளர். வயல் வரப்பில் செந்தூரம் பூசிய கல்லாக நிற்கும் மசோபா, மகாசுபா என்ற பெருநிலப்பகுதியின் வருவாய் அதிகாரி. உழவன் நன்றி மறவாமல் அந்த அதிகாரியைத் தெய்வமாக்கி வரப்பில் நட்டுவைத்திருக்கிறான்! இதை வரலாறு என்று நம்புவது கடினம். ஆனால் எழுதியவரின் மனம் இதில் தெளிவாகத் தெரிகிறது. பொற்காலத்தைக் கற்பனை செய்யச் சொன்னால் பலரும் அரசனைக் கற்பனை செய்வார்கள். இவர் நேர்மையான தாசில்தாரைக் கற்பனை செய்தார். கலெக்டர் கச்சேரிக்கு அலைந்து திரிந்தவர்களின் பொற்காலம் வேறு எப்படி இருக்க முடியும்?

இனி 'உழவரின் சாட்டை'. 1883இல் எழுதி முடித்தது. என் கணிப்பில் அவருடைய நூல்களில் மிகப் பெரியது இதுதான். பக்கத்தைச் சொல்லவில்லை.

பின்னணி தெரிந்தால்தான் நூல் விளங்கும். 1875 மே மாதம் புனே மாவட்டத்தின் சூபா என்னும் சந்தை ஊரில் உழவர்கள் வட்டிக்கடைகளைத் தாக்கினார்கள். கலகம் அகமத்நகர் மாவட்டத்துக்கும் பரவியது. அவர்கள் தேடிப்போனது முக்கியமாகக் கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும். கிடைத்தவற்றைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். தங்களுக்கு எதிராக எழுதப்பட்டது எங்கே இருக்கிறது என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த ஆண்டே பெரும் பஞ்சம் தொடங்கியது. அரசாங்கம் விசாரணைக் குழு வைத்து, 1879இல் தக்காண உழவர் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வட்டிக்காரனை வில்லனாகக் காட்டுவது அரசாங்கத்துக்கு வசதியாக இருந்தது. நிலவரியை மறுமதிப்பீடு செய்து உயர்த்தியது யார் என்ற கேள்வியை அது பின்னுக்குத் தள்ளியது.

புலே அந்தக் கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தார். நூல் ஐந்து அத்தியாயம். முதலாவது, சொன்னேனே, சடங்குக் கணக்கு. இரண்டாவது, அரசு அலுவலகம். வெள்ளை அதிகாரிகள் சுகவாசிகளாக இருக்கிறார்கள், ஊர் மொழியும் ஊர் நிலவரமும் தெரியாமல், கீழே இருக்கும் பார்ப்பன ஊழியர் எழுதிக்கொடுப்பதில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. இரண்டு பேரையும் அவர் விடவில்லை. புலே ஆங்கில ஆட்சியின் துதிபாடி என்று இன்றும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இந்த அத்தியாயத்தைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. மூன்றாவது அத்தியாயம் பழைய வரலாறு. 'குலாம்கிரி' படித்தவர்கள் வேகமாகத் தாண்டிவிடலாம்.

நான்காவதுதான் நூலின் நெஞ்சு. வரி மறுமதிப்பீட்டைப் பற்றி முறையிடப்போன ஓர் உழவன் கலெக்டரைப் பார்க்க முடியாமல் திரும்பி வருகிறான். இடுப்பில் அரைத்துணி. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசுகிறான். நிலம் சகோதரர்களுக்குள் துண்டுபட்டது, மேய்ச்சல் நிலத்தைக் காட்டிலாகா எடுத்துக்கொண்டதால் மாடு குறைந்தது, மாடு குறைந்ததால் எரு குறைந்தது, எரு குறைந்ததால் விளைச்சல் குறைந்தது, வரி மட்டும் ஏறியது என்று அவன் புலம்பலிலேயே ஒரு பொருளாதாரம் விரிகிறது. பிறகு அவன் வீட்டுக்குள் நம்மை அழைத்துப் போகிறார் புலே. அடுப்பு, பானை, கந்தல், தொழுவம், கஞ்சி என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். ஜப்திக்கு வந்த அமீனா எழுதும் பட்டியலைப் போல இருக்கிறது. அமீனா விலைபோகும் பொருளைத்தான் எழுதுவான். இவரோ விலைபோகாததை எல்லாம் எழுதுகிறார். நாடகம் எழுதிய கை இங்கே திரும்ப வருகிறது. மராத்தி உரைநடைப் புனைவில் உழவனின் வீடு இவ்வளவு அருகில் வந்து நின்றது இதற்கு முன் அரிது.

ஐந்தாவது அத்தியாயம் தீர்வுகள். இங்கேதான் மேலாண்மை என்ற சொல் எனக்குத் தேவைப்படுகிறது. மலைச்சரிவில் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் தடுக்க வரம்புகள் கட்டுங்கள், சும்மா இருக்கும் படைவீரர்களையும் போலீசையும் அந்த வேலையில் இறக்குங்கள் என்கிறார். ஏரி குளங்களைத் தூர் வாரச் சொல்கிறார். நிலத்தடி நீர் எங்கே கிடைக்கும் என்று அறிந்து சொல்பவர்களைப் பயன்படுத்தச் சொல்கிறார். உழவு மாடுகளைக் கொல்லாமல் காக்கவும், நல்ல இனங்களைப் பெருக்கவும், உழவுக் கண்காட்சி நடத்திப் பரிசு கொடுக்கவும், உழவர் பிள்ளைகளுக்கு உழவுக் கல்வி தரவும் சொல்கிறார். வெள்ளை அதிகாரிகளின் கொழுத்த சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் குறைத்தாலே பணம் வந்துவிடும் என்று நிதிக்கும் வழி காட்டுகிறார்.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது குழாய். அணை கட்டினார்கள், கால்வாய் வெட்டினார்கள், வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள், அதோடு கடமை முடிந்தது என்று நீர்ப்பாசனத் துறை உட்கார்ந்துவிடுகிறது. தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேர்ந்ததா, யார் வயலுக்கு எவ்வளவு போனது என்று பார்ப்பதில்லை. வரியை மட்டும் வசூலிக்கிறது. ஒவ்வொரு உழவனுக்கும் அவன் நிலத்துக்குத் தேவையான அளவு தண்ணீர் விடும் குழாய் ஒன்றைப் பொருத்தினால் என்ன என்று புலே கேட்கிறார். கடக்வாஸ்லாவில் கல் கொடுத்த மனிதர் கேட்கும் கேள்வி இது. அணையின் உயரம் அவருக்குப் பெருமையாகத் தெரியவில்லை. கடைமடைக்கு வந்து சேர்வதை அளந்துதான் அணையை மதிப்பிடுகிறார். எழுதி நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. காவிரியின் கடைமடைக்காரர்களிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினால், எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்றுதான் கேட்பார்கள்.

இந்த நூல் வெளிவந்த கதையும் சொல்லத் தக்கது. சத்தியசோதக் இயக்கத்தின் ஏடான 'தீனபந்து' தொடக்கப் பகுதிகளை வெளியிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. அரசாங்கத்தை இவ்வளவு கடுமையாகச் சாடுவதை அச்சிட நடத்துநர்கள் தயங்கினார்கள். தம் சொந்த இயக்கத்தின் ஏட்டை புலே கோழை என்றே சாடினார். பிறகு கையெழுத்துப் படியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசித்தார். புனே, மும்பை, தாணே, ஜுன்னர் எனக் கூட்டங்களில் வாசித்தார். பரோடா அரசர் சாயாஜிராவ் கெய்க்வாட் முன்னிலையிலும் வாசித்தார். ஆக, இந்த மேலாண்மை நூல் முதலில் பவாடாவைப் போலக் காதால்தான் படிக்கப்பட்டது.

எழுதியதற்கும் செய்ததற்கும் இடையில் அவர் வேலி போடவில்லை. 1876 முதல் சில ஆண்டுகள் புனே நகராட்சியில் நியமன உறுப்பினராக இருந்தார். 1880இல் வைசிராய் லிட்டன் வருகைக்காக நகரை அலங்கரிக்க ஆயிரம் ரூபாய் ஒதுக்கும் தீர்மானம் வந்தபோது, எதிர்த்து நின்றவர் அவர் ஒருவர்தான். அந்தப் பணத்தை ஏழைகளின் கல்விக்குச் செலவிடச் சொன்னார். அதே ஆண்டு, நகரில் பெருகிவந்த சாராயக்கடைகளைப் பற்றி நகராட்சிக்குக் கடிதம் எழுதினார். பெருஞ்செலவில் ஒரு சந்தைக் கட்டடம் எழுப்புவதையும் எதிர்த்தார். கட்டடம் எழும்பியது. இன்று அதன் பெயர் மகாத்மா புலே மண்டை. வரலாறு சில சமயம் விதூஷகன் வேலையையும் பார்க்கிறது.

1882 அக்டோபரில் ஹண்டர் கல்விக் குழுவுக்குக் கொடுத்த மனுவில் கையெழுத்துக்குக் கீழே தம்மை வணிகர், உழவர், நகராட்சி உறுப்பினர் என்று குறிப்பிடுகிறார். நூலாசிரியர் என்றோ சீர்திருத்தவாதி என்றோ போட்டுக்கொள்ளவில்லை. மேல்சாதிக்குக் கல்லூரி கொடுத்தால் கல்வி கீழே சொட்டுச் சொட்டாக இறங்கும் என்ற கொள்கையை அந்த மனு கணக்கு வைத்து உடைக்கிறது. அரசாங்கத்தின் வருவாயில் பெரும்பகுதி உழவரின் உழைப்பு, ஆனால் கல்விச் செலவு போவது மேலே இருப்பவர்களுக்கு. பன்னிரண்டு வயது வரையாவது தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்கிறார். பாடங்களில் மோடி எழுத்தையும் கணக்கையும் உழவையும் சேர்க்கச் சொல்கிறார். மோடி எழுத்து ஏன்? கடன் பத்திரமும் கச்சேரி ஆவணமும் அந்தக் காலத்தில் மோடியில்தான் எழுதப்பட்டன. ஆசிரியர், கலப்பையின் மேழியைப் பிடிக்கக் கூச்சப்படாதவராக இருக்க வேண்டும் என்பதும் அவர் வைத்த நிபந்தனை.

இங்கே மாணவர்கள் நிறைய இருக்கிறீர்கள். வணிகவியல், வேளாண்மை, நிர்வாகவியல் படிக்கிற தலித் மாணவர்கள் பலர், 'நான் இலக்கியம் படிக்கவில்லை, எனக்கு இயக்கத்தில் என்ன வேலை' என்று நினைப்பதை அறிவேன். இயக்கமும் அப்படித்தான் அவர்களை நடத்தியிருக்கிறது. கவிதை எழுதினால் மேடை. ஊராட்சியின் வரவுசெலவை, ஆதிதிராவிடர் துணைத் திட்ட நிதி எந்தத் தலைப்புக்குத் திருப்பப்பட்டது என்பதைத் தோண்டி எடுத்தால் ஒரு நன்றியோடு சரி. புலேயிடம் இந்தப் பாகுபாடு கிடையாது. அவருக்குக் கணக்குப் புத்தகமும் ஓர் இலக்கிய வகை. அதை எதிரி எழுதிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவதற்காக நாம் இங்கே கூடவில்லை. ஆகவே அவருடைய கணக்கில் விடுபட்டதையும் பார்க்க வேண்டும். 'உழவரின் சாட்டை'யில் சூத்திர உழவர் யார் என்று எண்ணும்போது குன்பி, மாலி, தங்கர் என்று மூவரைச் சொல்கிறார். மகரும் மாங்கும் அதிசூத்திரராக நூல்களில் வருகிறார்கள். அவர்களுக்காக அவர் பள்ளி வைத்தார். 1868இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார். அவர் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சிறுமி 1855இல் எழுதிய கட்டுரை, தீண்டப்படாத பெண் ஒருத்தியின் மிகப் பழைய அச்செழுத்துகளில் ஒன்று. இவ்வளவும் உண்மை. ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து புலம்பும் அந்த உழவனின் நிலத்தில் கூலிக்கு உழுதவன் எங்கே புலம்புவான்? மகருக்கு ஊர் கொடுக்கும் பங்கு எவ்வளவு, அதற்கு ஈடாக ஊர் வாங்கும் வேலை எவ்வளவு என்ற தனிக்கணக்கு இந்த நூலில் விரியவில்லை. பார்ப்பனருக்கும் மற்றவருக்கும் இடையே ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இப்பால் இருப்பவர் எல்லாரையும் ஒரே வரவுசெலவில் சேர்த்தார். அன்று அதற்குத் தேவை இருந்தது. சேர்த்த கணக்கில் சிறிய தொகைகள் மறைந்துபோகும் என்பது கணக்கெழுதியவர் எல்லாருக்கும் தெரியும்.

அந்தத் தனிக்கணக்கை எழுதியவர் அம்பேத்கர். 1918இல் சிறு நிலவுடைமை பற்றிய கட்டுரை, 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய நூல் என்று பொருளாதாரத்தில் தொடங்கியவர், 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வத்தன் மசோதாவைக் கொண்டுவந்தார். கொத்தடிமை வேலைக்கு ஊர் கொடுத்த நிலமும் தானியமும் எவ்வளவு அற்பம் என்று அங்கே எண்களோடு பேசினார். 1937இல் கொங்கணத்தின் கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். 1946இல் சூத்திரர் யார் என்ற நூலை புலேயின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். காணிக்கையாக்கிய கைதான் புலேயின் கணக்கில் விடுபட்ட பக்கத்தையும் எழுதியது.

கடைசி நூலைப் பற்றிச் சிறிது. 1888 மே மாதம் மும்பையில் கூடிய மக்கள் அவருக்கு மகாத்மா என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். அதே ஆண்டு வாதம் தாக்கி வலது பக்கம் செயலிழந்தது. தொழில் ஏற்கனவே நலிந்திருந்தது. இடது கையால் எழுதி 'சார்வஜனிக் சத்ய தர்ம புஸ்தக்' நூலை முடித்தார். 1890 நவம்பர் 28இல் இறந்தார். நூல் அடுத்த ஆண்டு அச்சாகி வந்தது.

பொது உண்மை அறம் என்று பெயர் வைத்த அந்த நூலை தத்துவ நூல் என்று எண்ணித் திறப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. உண்மையைப் பேசுவது, ஆணும் பெண்ணும் சமம் என்பதெல்லாம் இருக்கிறது. கூடவே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் புரோகிதர் இல்லாமல் எப்படி நடத்துவது என்ற செய்முறையும் இருக்கிறது. சத்தியசோதகர்கள் இதை 1873 டிசம்பர் 25இலேயே தொடங்கிவிட்டார்கள். அன்று புரோகிதரும் தட்சிணையும் இல்லாமல் முதல் திருமணம் நடந்தது. மணமகனும் மணமகளும் ஒருவருக்கொருவர் உறுதிமொழி சொன்னார்கள். செலவு மிகக் குறைவு. அதன் பிறகு ஜுன்னர் வட்டாரத்து ஊர்களில் இப்படிப்பட்ட திருமணங்கள் பரவின. ஓதூரில் நடந்த திருமணங்களுக்குப் பிறகு ஊர்ப் புரோகிதர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தெய்வக் குற்றம் என்றோ சாத்திர விரோதம் என்றோ அவர்கள் வழக்குப் போடவில்லை. தங்களுக்கு வந்து சேர வேண்டிய சடங்குக் கூலியை, நட்டமாகிப்போன அந்தத் தொகையை, வாங்கித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.